அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்: மரபணுப் பரிசோதனையை யாரிடமிருந்து தொடங்குவது?

கேள்வி: என் வயது 43. அப்பாவுக்கு 69. முதுகுவலி என்று காட்டப் போன இடத்தில், புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருப்பது தெரிந்தது. புராஸ்டேட்டிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதமான பி.எஸ்.ஏ. 210, பயாப்ஸியில் 12 துண்டு எடுத்ததில் புற்றின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் தரம் 4+5 என்று வந்தது. ஹார்மோனை அடக்கும் ஊசியும் அபிராடிரோன் மாத்திரையும் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. பி.எஸ்.ஏ. 6-க்கு இறங்கிவிட்டது. இப்போது டாக்டர் ‘ஜீன் பேனல்’ எடுக்கச் சொல்கிறார். அப்பாவின் தங்கை, என் அத்தை, 44 வயதில் மார்பகப் புற்றுநோய் கண்டு 46-இல் இறந்தார். அவருடைய மகளைத்தான் மணந்திருக்கிறேன். மனைவிக்கு 39, பிள்ளைகளுக்கு 14, 10. எச்சில் எடுத்து அனுப்பும் கிட் ஒன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அப்பாவை மேலும் அலைக்கழிக்காமல் நானே அதில் பார்த்துக்கொள்ளலாமா? அக்காவும் தம்பியும் பார்க்க வேண்டுமா?

பதில்:

கிட் வேண்டாம். உங்களிடமிருந்து தொடங்கவும் வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது அப்பாவை. அவருக்கு இதில் அலைச்சல் ஒரு முறை ரத்தம் கொடுப்பது மட்டும்தான். மற்றதெல்லாம் ஏற்கெனவே எடுத்து வைத்த பயாப்ஸித் துண்டில் நடக்கும் வேலை.

நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பவர் மூலப்பத்திரத்தை முதலில் கேட்பார். இதுவும் அப்படித்தான். உங்கள் குடும்பத்தில் பிழையுள்ள மரபணு ஒன்று இருந்தால், அது எந்த மரபணு, அதில் எந்த இடம் என்பது அப்பாவின் ரத்தத்தில்தான் உறுதியாகத் தெரியும். அது தெரியாமல் நீங்கள் பார்த்து, ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு: அப்பாவிடம் இருந்த பிழை உங்களுக்கு வரவில்லை என்றும் இருக்கலாம், குடும்பத்தில் ஓடுவது அந்தப் பரிசோதனை பார்க்கவே பார்க்காத ஒன்று என்றும் இருக்கலாம். முதலாவது நிம்மதி, இரண்டாவது வீண் நிம்மதி. இரண்டையும் பிரித்துச் சொல்ல உங்கள் ரிப்போர்ட்டால் முடியாது.

பல மரபணுக்களை ஒரே சமயத்தில் பார்ப்பதைத்தான் ‘ஜீன் பேனல்’ என்கிறார்கள். டாக்டர் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு தனித்தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன. இந்த இடத்தில்தான் குடும்பங்கள் அதிகம் குழம்புகின்றன. ஒன்று, பிறக்கும்போதே உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கும் பரம்பரை மாற்றத்தைத் தேடுவது. அதற்கு ரத்தம் போதும். பிள்ளைகளுக்குப் போவது இந்த வகைதான். மற்றொன்று, புற்றுக்கட்டி வளர்ந்தபோது கட்டியின் செல்களில் மட்டும் புதிதாக ஏற்பட்ட மாற்றத்தைத் தேடுவது. அதற்குக் கட்டியின் துண்டு வேண்டும். இது பிள்ளைகளுக்குப் போகாது. ஆனால் அப்பாவுக்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும். அப்பாவுக்கு இரண்டுமே தேவை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டும் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு இன்னொன்றும் அதில் அடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

எந்த மரபணுக்கள்? முதலில் பி.ஆர்.சி.ஏ.2. டாக்டர்கள் பேச்சில் ‘பிராக்கா டூ’ என்பார்கள். மார்பகப் புற்றுநோயோடு சேர்த்தே பெயர் அடிபடுவதால் இது பெண்கள் சங்கதி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுந்துபோகும்போது பிழையில்லாமல் ஒட்டவைக்கும் வேலையைச் செய்யும் மரபணு. 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அந்த ஒட்டுவேலை கெட்டால் பெண்ணுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும், ஆணுக்குப் புராஸ்டேட்டிலும், இருவருக்கும் கணையத்திலும் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. பிராக்கா 2 பிழையோடு வரும் புராஸ்டேட் புற்றுநோய் இளவயதில் வருவதும், வேகமாகப் பரவுவதும் அதிகம். இதே வேலைக்குத் துணைநிற்கும் பி.ஆர்.சி.ஏ.1, ஏ.டி.எம்., செக் 2, பால்பி 2 ஆகியவை அடுத்த வரிசை. அதற்குப் பிறகு, டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2. இவை கெட்டால் பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்களும் அதே குடும்பத்தில் தென்படும்.

பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களிடம் இப்படி 20 மரபணுக்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. 11.8 சதவீதத்தினரிடம், அதாவது எட்டு ஒன்பது பேருக்கு ஒருவரிடம், பரம்பரைப் பிழை இருந்தது. பிராக்கா 2 மட்டும் 5.3 சதவீதம். குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லாதவர்களிடமும் பிழை கிடைத்தது. அதனால்தான், பரவிய நிலையில் வரும் எல்லோருக்கும் குடும்ப வரலாறு எப்படி இருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் அத்தையின் கதையும் சேர்வதால் வாய்ப்பு அந்தச் சராசரியைவிடக் கூடுதல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தப் பரிசோதனை எளிது. ஊதா மூடிக் குழாயில் 3, 4 மில்லி போதும். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பரின் இருக்கும், அது டி.என்.ஏ.வைப் பெருக்கும் வேதிவினையைக் கெடுக்கும் என்பதால் அதில் எடுக்கக் கூடாது. வெறும் வயிறு தேவையில்லை. ஊசியோ அபிராடிரோனோ இந்த முடிவை மாற்றாது. எந்த நாளிலும் கொடுக்கலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் ஆய்வகத்திடம் சொல்லிவிடுங்கள். எப்போதாவது எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவருக்கு ரத்தத்தில் ஓடுவது தானம் செய்தவரின் டி.என்.ஏ.; அவருக்குத் தோல் துண்டிலிருந்து பார்க்க வேண்டும்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. மரபணுவின் முழு எழுத்துவரிசையையும் வாசிக்கிறார்களா, அல்லது குறிப்பிட்ட சில இடங்களை மட்டுமா? ஒரு எழுத்து மாறுவதை மட்டுமல்லாமல், ஒரு பெரிய துண்டே விடுபட்டுப்போவதையும் இரட்டிப்பதையும் பார்க்கிறார்களா? ரிப்போர்ட்டோடு மரபணு ஆலோசகர் பேசுவாரா? இரண்டாவது கேள்வி முக்கியம். சாதாரண வாசிப்பில் துண்டு விடுபட்டது தெரியாமலே போகலாம். ஏனென்றால் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதிகளில் நல்லபடியாக இருப்பது மட்டும் வாசிக்கப்பட்டு, எல்லாம் சரி என்று வந்துவிடும். அதற்கென்றே உள்ள கணக்கீடோ எம்.எல்.பி.ஏ. என்ற தனி முறையோ சேர்ந்திருக்க வேண்டும். முடிவு வர மூன்று நான்கு வாரம் ஆகும்.

எச்சில் கிட் ஏன் வேண்டாம் என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. எச்சிலில் டி.என்.ஏ. இல்லை என்பதில்லை, சரியான ஆய்வகம் எச்சிலையும் வாங்கிக்கொள்ளும். அரை மணி நேரம் எதையும் சாப்பிடாமல், குடிக்காமல், வெற்றிலை பாக்கு போடாமல் இருந்து கொடுத்தால் போதும். சிக்கல் உள்ளே நடக்கும் வேலையில். மலிவு கிட்கள் பெரும்பாலும் ‘சிப்’ முறையில், முன்பே குறித்துவைத்த இடங்களை மட்டும் தொட்டுப் பார்ப்பவை. அமெரிக்காவில் 2018 மார்ச்சில் நேரடியாக மக்களுக்கு விற்க அனுமதி பெற்ற முதல் பிராக்கா கிட், பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 இரண்டிலும் சேர்த்து மூன்றே மூன்று மாற்றங்களைத்தான் பார்த்தது. மூன்றும் கிழக்கு ஐரோப்பிய வம்சாவளியினரான அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. இந்த மரபணுக்களில் நோய்தரும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டிருக்கின்றன.

அந்த மூன்றில் ஒன்று, பி.ஆர்.சி.ஏ.1-இல் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விடுபட்டுப்போன ‘185 டெல் ஏஜி’. அது தென்னிந்தியப் பெண்களிடமும் அடிக்கடி காணப்படுவதாக 2009-இல் பெங்களூரிலிருந்து ஆய்வு வந்திருக்கிறது. ஆகவே அந்த ஒன்றை கிட் பிடிக்கலாம். உங்கள் வீட்டில் ஓடுவது வேறொன்றாக இருந்தால் கோட்டை விட்டுவிடும். புராஸ்டேட்டுக்கென்றே பேசப்படும் ஹாக்ஸ் பி13 மரபணுவும் இப்படித்தான். 2012-இல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் 84-ஆம் இடத்து மாற்றம் வட ஐரோப்பிய வம்சாவளியினருக்கு உரியது. சீனர்களிடம் அதே மரபணுவில் 135-ஆம் இடம் மாறியிருக்கிறது. ஒரு மக்களுக்குச் செய்த பட்டியல் இன்னொரு மக்களுக்குப் பொருந்துவதில்லை. சிப் முறைக்கு இன்னொரு குறையும் உண்டு: மிக அரிதான மாற்றங்களில், இல்லாததை இருப்பதாகவும் காட்டும்.

இனி கட்டிப் பரிசோதனை. அப்பாவின் விஷயத்தில் கவனம் அதிகம் தேவைப்படுவது இதில்தான்.

பயாப்ஸியில் எடுத்த 12 துண்டுகளையும் ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் புதைத்துச் சிறு கட்டிகளாக வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்று கேட்டால் பெத்தாலஜி பிரிவில் தெரியும். உங்கள் அப்பாவின் பிளாக் இரண்டு மாதத்துக்கு முந்தையது, சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுத்தது. இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. பல ஆண்டு பழைய பிளாக்குகளில் டி.என்.ஏ. பொடிப்பொடியாகி, வாசிக்க முடியாமல் போவது உண்டு. ஃபார்மலின் செய்யும் இன்னொரு கோளாறு, சி என்ற எழுத்தை டி போலக் காட்டுவது. பழைய மாதிரியில் இந்தப் போலிப் பிழைகள் கூடுதலாகத் தெரியும்.

நோய்க்குறியியல் மருத்துவரிடம் மூன்று விஷயம் பேசுங்கள், அல்லது உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பேசச் சொல்லுங்கள். புற்று அதிகம் நிறைந்த துண்டு எது என்று அவரே தேர்ந்து குறித்துத் தர வேண்டும். வெட்டும் பகுதியில் குறைந்தது 20 சதவீதம் புற்றுச் செல்கள் இருப்பது நல்லது. அடுத்து, ஊசி பயாப்ஸித் துண்டு நூல்போல மெலிதானது. கூடுதல் சாயப் பரிசோதனைகளுக்காக மேலும் மேலும் சீவினால் ஜீன் பரிசோதனைக்கு மிச்சம் இருக்காது. ‘இதை ஜீனுக்காக வைத்திருங்கள்’ என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, பிளாக்கையே தருவதா, சாயமிடாத ஸ்லைடுகளாகத் தருவதா என்பது. ஸ்லைடு என்றால் 5 மைக்ரான் தடிமனில் பத்து போலக் கேட்பார்கள். எத்தனை என்பதை ஆய்வகத்திடம் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். பிளாக்கை நீங்களே எடுத்துப் போவதானால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகும். பெற்றுக்கொண்டதற்கும் திருப்பித் தந்ததற்கும் எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னாளில் எலும்பிலிருந்து துண்டு எடுக்க நேர்ந்தால் இதை நினைவில் வையுங்கள்: எலும்பை மென்மையாக்க வழக்கமாக அமிலத்தில் ஊறவைப்பார்கள், அந்த அமிலம் டி.என்.ஏ.வை அழித்துவிடும். ஜீன் பரிசோதனை தேவை என்று முன்பே எழுதிக் கொடுத்தால் ஈ.டி.டி.ஏ. கரைசலில் மெதுவாகச் செய்வார்கள். சொல்லாமல் விட்டால் வலியோடு எடுத்த துண்டு வீணாகிவிடும்.

‘துண்டெல்லாம் எதற்கு, ரத்தத்திலேயே கட்டியின் ஜீனைப் பார்க்கலாமே’ என்று யாராவது சொல்லக்கூடும். கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் ‘லிக்விட் பயாப்ஸி’ உண்மையான, நல்ல பரிசோதனைதான். ஆனால் அப்பாவுக்கு இப்போது அது தவறான நேரம். பி.எஸ்.ஏ. 210-இலிருந்து 6-க்கு வந்துவிட்டது என்றால் கட்டி சுருங்கி அடங்கியிருக்கிறது. ரத்தத்தில் உதிரும் துணுக்கு மிகக் குறைவாக இருக்கும். ‘மாற்றம் இல்லை’ என்று வந்தால், கட்டியில் இல்லை என்று பொருளாகாது. பார்க்கப் போதிய பொருள் இல்லை என்றே பொருள். சிகிச்சை தொடங்கும் முன்போ, பின்னாளில் மருந்தை மீறிப் பி.எஸ்.ஏ. ஏறும்போதோதான் அதற்கு வேலை. அப்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு. வயதானவர்களின் ரத்த அணுக்களிலேயே வயதின் காரணமாகச் சில மாற்றங்கள் சேரும், குறிப்பாக ஏ.டி.எம்., செக் 2 மரபணுக்களில். அவற்றைக் கட்டியின் மாற்றம் என்று தவறாக எண்ணி மருந்து கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. வெள்ளணுவையும் சேர்த்து வாசித்து ஒப்பிடும் ஆய்வகமா என்று கேளுங்கள்.

கட்டி ரிப்போர்ட்டில் பிராக்கா 2 பிழை இருப்பதாக வந்தால், அது பரம்பரையாக வந்ததா, கட்டியில் மட்டும் ஏற்பட்டதா என்று கட்டியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டியில் சில நேரம் பிராக்கா 2 மரபணு முழுவதுமே இல்லாமல் போயிருக்கும். புற்றுச் செல்களோடு நல்ல செல்கள் அதிகம் கலந்த துண்டில் இந்த இழப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். புற்று நிறைந்த துண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இந்த ரிப்போர்ட்டில் வேறு பெயர்களும் வரலாம். டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற மரபணுவும் ஈ.ஆர்.ஜி. என்ற மரபணுவும் ஒட்டிக்கொண்ட இணைப்பு அவற்றில் ஒன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழு 2005-இல் கண்டுபிடித்தது. புராஸ்டேட் புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்பதைப் புரியவைத்த பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அது பரம்பரையாக வருவதில்லை, இன்றைக்கு மருந்தைத் தீர்மானிப்பதும் இல்லை. அதைப் பார்த்துப் பிள்ளைகள் கலங்க வேண்டாம்.

அப்பாவுக்கு இதனால் என்ன பயன்? பிராக்கா பிழை இருந்தால், ஹார்மோன் சிகிச்சை பலிக்காமல் போகும் கட்டத்தில் பார்ப் தடுப்பு மருந்துகள் என்ற வகை கையில் இருக்கும். ஒட்டுவேலைக்கு ஏற்கெனவே ஒரு வழி அடைபட்ட புற்றுச் செல்லில், மிச்சமிருக்கும் வழியையும் இந்த மருந்து அடைக்கிறது. செல் தன் டி.என்.ஏ. சேதத்திலேயே செத்துப்போகிறது. இந்த வகையில் ஒன்று ஒலாபரிப், 300 மில்லிகிராம் காலையும் இரவும். 2020-இல் வெளியான ஆய்வில், பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 அல்லது ஏ.டி.எம். பிழை உள்ளவர்களுக்கு நோய் மேலும் வளராமல் இருந்த காலம் 7.4 மாதம், இன்னொரு ஹார்மோன் மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களுக்கு 3.6 மாதம். இதில் பலன் அதிகம் பிராக்கா பிழைக்குத்தான், ஏ.டி.எம். மட்டும் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நேர்மை. ரத்தசோகை இதன் முக்கியப் பக்கவிளைவு. மாதந்தோறும் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வரும். எழுத்துப்பிழை திருத்தும் மரபணுக்கள் கெட்டிருந்தால் வழி வேறு: பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து கேட்க வாய்ப்பு உண்டு. இவற்றுக்கான தேவை இன்று இல்லை. அப்பாவுக்கு இப்போதைய மருந்து நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் முடிவை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டால், நோய் திரும்பும்போது பழைய பிளாக்கைத் தேடி ஓடும் நிலை வராது.

ரிப்போர்ட்டை வாசிக்கும்போது மாற்றத்துக்கு ஐந்து தரம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்: நோய்தரும், அநேகமாக நோய்தரும், பொருள் தெரியாத, அநேகமாகத் தீங்கற்ற, தீங்கற்ற. முதல் இரண்டில்தான் நடவடிக்கை. நடுவில் இருக்கும் ‘பொருள் தெரியாத மாற்றம்’ நம்மவர்களுக்கு அதிகம் வரும். உலகத் தரவுத்தளங்களில் தெற்காசியர்களின் டி.என்.ஏ. குறைவாகவே சேர்ந்திருப்பதால், நம் ஊரில் சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம்கூட அங்கே புதிதாகத் தெரியும். அப்படி வந்தால் மருந்தை மாற்றக் கூடாது. பிள்ளைகளைப் பரிசோதிக்கக் கூடாது. யாருடைய சினைப்பையையும் எடுக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வகத்திடம், தரம் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றே முடிகின்றன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்பாவின் ரத்தத்தில் நோய்தரும் மாற்றம் கிடைத்தால், உங்களுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் தனித்தனியே 50 சதவீத வாய்ப்பு. அப்போது முழுப் பேனல் வேண்டாம். அப்பாவிடம் கிடைத்த அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் மிகக் குறைவு. அப்பாவின் ரிப்போர்ட்டை அப்படியே நகலெடுத்துக் கொடுங்கள். மாற்றத்தின் பெயராக எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு நீண்ட வரி இருக்கும். அதை வாயால் சொன்னால் தவறும். குடும்பத்தினருக்குக் குறிப்பிட்ட நாள்களுக்குள் இலவசமாகப் பார்த்துத் தரும் ஆய்வகங்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். இந்த நிலையில் ‘இல்லை’ என்று வந்தால் அது உண்மையான நிம்மதி.

மூவரில் முதலில் போக வேண்டியவர் அக்கா. பிராக்கா 2 இருந்தால் மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் உண்டு. சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும் நம்பகமான பரிசோதனை எதுவும் இல்லை. அதனால் பிள்ளைப்பேறு முடிந்த பின் 40 முதல் 45 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடப் பரிந்துரைப்பார்கள். பி.ஆர்.சி.ஏ.1 என்றால் அது 35 முதல் 40. அக்கா உங்களுக்கு மூத்தவர், அந்த வயது ஏற்கெனவே வந்துவிட்டது.

உங்களுக்கு இருந்தால், புராஸ்டேட்டை முன்கூட்டியே எடுப்பதெல்லாம் இல்லை. 40 வயதிலிருந்து ஆண்டுதோறும் பி.எஸ்.ஏ. பார்ப்பதுதான் வழி. பிராக்கா பிழை உள்ள 40 முதல் 69 வயது ஆண்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில் பி.எஸ்.ஏ. 3-ஐத் தாண்டினால் பயாப்ஸி என்று வைத்திருந்தார்கள். பிராக்கா 2 உள்ளவர்களிடம் புற்றுநோய் அதிகமாகவும், இளவயதிலும், கவனிக்க வேண்டிய தரத்திலும் கிடைத்ததாக 2019-இல் அறிவித்தார்கள். இன்றைக்கு 3-ஐத் தாண்டினால் சில வாரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் உயர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்து, பிறகு பயாப்ஸி என்று போவது நல்லது. சிறுநீர்த் தொற்று இருக்கும்போது பி.எஸ்.ஏ. பார்க்காதீர்கள். முந்தைய இரண்டு நாள் உறவையும் நீண்ட சைக்கிள் பயணத்தையும் தவிருங்கள். முடி கொட்டுவதற்காக ஃபினாஸ்டிரைடு சாப்பிடுகிறவராக இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்; மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு அது பி.எஸ்.ஏ.வைப் பாதியாக்கிக் காட்டும், 1.8 என்று வருவது உண்மையில் 3.6 ஆக இருக்கும். பிராக்கா 2 உள்ள ஆணுக்கு மார்பகப் புற்றுநோயும் வரலாம். மாதம் ஒரு முறை மார்பைத் தடவிப் பாருங்கள், காம்புக்குக் கீழே கடினமான கட்டி தென்பட்டால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால் உங்களுக்கு ஜீன் பரிசோதனை தேவைப்படாது. ஆனாலும் தந்தைக்கு இருந்ததால் உங்களுக்கும் தம்பிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போதே ஒரு பி.எஸ்.ஏ. பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தது எப்போது என்பதை அந்த எண்ணைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

ஆலோசகரைப் பார்க்கப் போகும் முன் மூன்று தலைமுறைக்கு ஒரு குடும்ப மரம் வரையுங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டும். யாருக்கு எந்த வயதில் என்ன நோய் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ‘கேன்சர்’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘வயிறு வீங்கி நீர் கோத்துப் போய்ச் சேர்ந்தா’ என்றால் சினைப்பையாக இருக்கலாம். ‘காமாலை முற்றிப் போனார்’ என்பது கணையமாக இருக்கலாம். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு போங்கள். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பரம்பரைப் புற்றுநோய்களுக்கான சேவை உண்டு. உங்கள் டாக்டரே பரிந்துரைக் கடிதம் தருவார்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை மரபணு ஆலோசகர் தாண்டிப் போக மாட்டார்: அத்தை மகளை மணந்திருக்கிறீர்கள். அப்பாவிடம் பிராக்கா 2 பிழை இருந்தால் அத்தையிடமும் அதுவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அது உங்களுக்கு வந்திருக்கலாம், உங்கள் மனைவிக்கும் வந்திருக்கலாம். கணவன், மனைவி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதியுமே பழுதாகி, ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரக்கூடும். பிராக்கா 2 வகையில் அது பெரும்பாலும் மிகச் சிறு வயதிலேயே ரத்தப் புற்றுநோயாகவோ மூளை, சிறுநீரகக் கட்டியாகவோ வெளிப்பட்டுவிடும். 14 வயதும் 10 வயதுமாக நலமாக இருக்கும் உங்கள் பிள்ளைகளை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒற்றைப் பிரதியாக அவர்களிடம் இருக்கலாம். 18 வயதுக்குப் பிறகு அவர்களே முடிவெடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டாம், அந்த வயதில் செய்ய எதுவும் இல்லை. குடும்பத்தில் பிழை உறுதியானால், சொந்தத்துக்குள் அடுத்த சம்பந்தம் பேசும் முன் இருதரப்பும் பார்த்துக்கொள்வது அவசியம். இதை மறைக்க வேண்டிய குறையாக எண்ணாமல் அக்காவிடமும் தம்பியிடமும் ரிப்போர்ட் நகலோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத கேள்வி. உங்களையும் அக்காவையும் தம்பியையும் பற்றிக் கேட்டீர்கள். மனைவியைப் பற்றிக் கேட்கவில்லை. அவருடைய தாய்க்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. உங்கள் அப்பாவின் முடிவு எப்படி வந்தாலும், அந்த ஒரு காரணமே அவருக்குப் போதும். தாய்க்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாகக் கண்காணிப்பைத் தொடங்குவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 34-இல் தொடங்கியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டு ஏற்கெனவே போய்விட்டது. அப்பாவின் ரிப்போர்ட் வர ஒரு மாதம் ஆகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அவரை ஒரு மார்பக மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மேமோகிராமும், இந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் கூடவே அல்ட்ராசவுண்டும் எடுப்பார்கள். அத்தைக்கு அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பழைய காகிதங்கள் வீட்டில் எங்காவது இருந்தால் அவற்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.